மூன்றாம் படத்தின் நேரம்

மகள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு தாய்க்கு வேலைக்கா பஞ்சம்? தைக்கக் கொடுத்த ஜாக்கெட் வந்து சேரவில்லை. சமையல்காரர் வருவேன் என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுக்காமல் இருந்தார். வெள்ளகோவிலில் இருந்து வரப்போகும் சம்பந்தி வீட்டாரை எங்கே தங்க வைப்பது என்று முடிவாகவில்லை. சாமியாத்தாள் இத்தனையையும் கல்யாணப் பெண் லோகப்பிரியா தலையிலேயே கட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் அது கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. திரையில் சிரிக்கிற மூஞ்சியும் சீட்டுக்கட்டு ஆட்டினும் பேர் தெரியாத கொக்கிகளுமாக ஓடின.

"அம்மா, என்னம்மா பண்ணி வெச்சீங்க?" என்று கீழேயிருந்து லோகப்பிரியா கத்தினாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு, நீ டெய்லரப் பாரு!"

ஒன்றுமில்லை என்று சொன்னாளே தவிர, அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணம் ஒழுங்காக நடக்குமா நடக்காதா என்பதே அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

விஷயம் இதுதான். சாமியாத்தாளின் கணவர் காளிச்சாமிக்குக் கோயமுத்தூர் கணபதியில் பம்பு செட் கம்பெனி. அவள் தம்பி மாசாணத்துக்கு ஆனைமலையில் தென்னந்தோப்பு. இரண்டு பேருக்கும் வானம் பார்க்கிற பைத்தியம். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அமெரிக்காவிலிருந்து ஒரே மாதிரி இரண்டு காமிரா வரவழைத்தார்கள். தொலைநோக்கியின் பின்பக்கம் மாட்டி, கம்ப்யூட்டரோடு வயரில் இணைத்துவிட்டால் நட்சத்திரத்தைப் படமெடுத்து ஃபைலாக எழுதிக் கொடுக்கும். காளிச்சாமிக்கு மொட்டை மாடி, மாசாணத்துக்குத் தோப்பு வீட்டுக் களம். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

தொண்ணூற்றாறாம் வருஷம் தை மாசக் கடைசியில் ஜப்பான்காரர் ஒருவர் புது நட்சத்திரம் ஒன்றைப் பார்த்துவிட்டார் என்று செய்தி வந்தது. வானோக்கர் சங்கத்துச் செயலாளர் பீர் முகம்மது, உக்கடத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர், மச்சான் மச்சினன் இரண்டு பேருக்கும் ஃபோன் போட்டார். யாருக்கு முதலில் போட்டார் என்பதை இன்றுவரை அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. கெட்டிக்காரர். அன்றைக்கு விளக்கு வைத்த நேரத்துக்கு மேல் இரண்டு பேரும் அந்த நட்சத்திரத்தைப் படமெடுத்தார்கள். ஜப்பான்காரர் பார்த்து அதற்குள் நாலு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் கோயமுத்தூர்ச் சீமையில் முதலில் எடுத்தது யார் என்று ஒன்று இருக்கிறதல்லவா? சங்கத்துச் செய்தி மலரில் முதல் பக்கத்தில் ஒரு படத்துக்குத்தானே இடம்!

சங்கக் கூட்டத்தில் காளிச்சாமி எழுந்து, "நான் ஏழு அம்பத்திரண்டுக்கு எடுத்தனுங்க. கம்ப்யூட்டரே எழுதியிருக்குது, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்றார்.

"என்ற படமும் அந்தச் சமயந்தானுங்க மச்சான். ஊட்டுக்குப் போய்ப் பார்த்தாத்தான் தெரியும்" என்றான் மாசாணம்.

அத்தோடு விட்டிருக்கலாம். காளிச்சாமி விடவில்லை. "தென்ன மரத்த அண்ணாந்து பாக்கறவனெல்லாம் ஆகாசத்தப் பாக்க வந்துட்டானுங்க" என்று முப்பது பேர் நடுவில் சொல்லிவிட்டார். நாலு பேர் சிரித்தும் வைத்தார்கள். மாசாணத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"படமே பேசட்டும். நான் தோத்திருந்தா இதே எடத்துல ஒத்துக்கிட்டு, சீரோட கல்யாணத்துக்கு வாரேன். நான் ஜெயிச்சிருந்தா மச்சான் ஆனைமலைக்கு வந்து என்ற ஊட்டுல ஒத்துக்கோணும். அதுவரைக்கும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

இதைக் கேட்டதுமே சாமியாத்தாள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். காளிச்சாமி தங்கமான மனுஷர்தான். ஆனால் தான் தப்பு என்று ஒருத்தரிடம் போய் நின்றவர் இல்லை. பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை விஷயத்தில் ஒன்பது வருஷமாக அந்த வீட்டாரோடு பேச்சில்லை. அந்த மரமே செத்துப்போய் ஆறு வருஷமாகிறது. இவராவது, ஆனைமலைக்குப் போய் மச்சினன் வீட்டில் கை கட்டி நிற்பதாவது! தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண்ணை எப்படி மணவறைக்கு அழைப்பது? லோகப்பிரியாவுக்கு இருப்பதே ஒரு மாமன். ஆக, புருஷன் ஜெயித்தால் தம்பி வருவான். தம்பி ஜெயித்தால் கல்யாணத்தில் அவளுடைய பிறந்த வீட்டுப் பக்கம் காலியாகத்தான் கிடக்கும்.

இதில் இன்னொரு கூத்து, தீர்ப்புச் சொல்ல இரண்டு பேரும் ஏற்றுக்கொண்ட ஆள் சாமியாத்தாள். "அக்கா சொன்னாச் சரி" என்றான் அவன். "அவ பொய் பேச மாட்டா" என்றார் இவர். மேலும் கம்ப்யூட்டர் தெரிந்த ஆளும் அவள்தான். கம்பெனியில் கம்ப்யூட்டர் அடிக்க வந்த பெண் மூன்றே மாதத்தில் கல்யாணமாகிப் போனபோது, அந்தக் காலத்து பி.எஸ்ஸி. கணக்கை வைத்துக்கொண்டு, "நான் பார்த்துக்கறனுங்க" என்று உட்கார்ந்தவள்.

கத்துகிற கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அவள் பீர் முகம்மதுக்கு ஃபோன் போட்டாள்.

"ஏனுங்க பாய், நேரம் எங்க எழுதியிருக்குதுன்னு பார்க்கலாம்னு ஃபைலத் தொறந்தா இது பேய் புடிச்ச மாதிரி கத்துதுங்க."

"டைப்புன்னு அடிச்சீங்களாக்கா? அது படத்தையும் எழுத்துன்னு நெனச்சு வாசிக்குமுங்க. உங்க ஊட்டுக்காரர் மோட்டார்ல பேர்த்தகடு அடிச்சிருப்பாருல்லீங்க? எத்தன குதிரைத் திறன், எந்த வருஷம், என்ன நம்பர்னு? அதே மாதிரிதான். இந்தப் படத்துக்கெல்லாம் தலையில கொஞ்ச எழுத்து இருக்கும். என்னைக்கு எடுத்தது, எத்தன மணிக்கு, எத்தன செகண்டு, எடுத்தவர் பேரு. அதுக்குக் கீழதான் படம். தலைய மட்டும் படிக்கறதுக்கு ஒரு குட்டி ப்ரோக்ராம் இருக்குது. நேத்தே ஃப்ளாப்பில போட்டு உங்க கம்பெனிப் பையன்கிட்டக் குடுத்தனுப்பிட்டனே."

"இருக்குதுங்க. இதுக்கு பட்டன் கிட்டன் ஒண்ணையுங் காணமே?"

"பட்டனெல்லாம் கிடையாதுங்க. கறுப்புத் திரையில அடிக்கோணும். எஃப்-ஹெட்னு அடிச்சு, ஒரு எடம் விட்டு, நட்சத்திரக் குறி, புள்ளி, எஃப்-ஐ-டி. நட்சத்திரக் குறி போட்டா எல்லாப் படமும்னு அர்த்தம்."

அடித்தாள். படபடவென்று வரிகள் கீழேயிருந்து மேலே ஓடி மறைந்தன. ஒன்றையாவது படிக்க முடிந்தால்தானே! மறுபடியும் ஃபோன். "கடைசில அம்புக்குறி மாதிரி ஒண்ணு போட்டு ஒரு பேரு குடுத்தீங்கன்னா, திரையில காட்டாம அந்தப் பேர்ல ஃபைலா எழுதிக்குமுங்க. பொறவு நெதானமாப் படிச்சுக்கலாம்" என்றார் பாய். எந்தெந்த வரி வேண்டும் என்று சொன்னால் அதை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும் வித்தையையும் சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது தடவை சாமியாத்தாள் அடித்ததும், காளிச்சாமியின் படங்கள் பேரும் தேதியும் நேரமுமாக வரிசை கட்டி வந்து நின்றன. அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

புது நட்சத்திரப் படத்தின் நேரம் ஏழு ஐம்பத்திரண்டு. அவர் சொன்னதில் ஒரு நிமிஷம்கூடப் பிசகில்லை.

"ஊட்டுக்காரர் சொன்னது சரிதான்" என்று முணுமுணுத்தபடி எதேச்சையாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால். பத்தே முக்கால் என்றால் பத்து முப்பத்தைந்து என்று மனசு தானாகவே கழித்தது. அப்புறம் கம்ப்யூட்டரில் மணி பார்த்தாள். அதுவும் பத்தே முக்கால் என்றது.

அடக் கடவுளே!

அந்த வீட்டில் எல்லாக் கடிகாரமும் பத்து நிமிஷம் முன்னால்தான் ஓடும். "இதோ கெளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் சவரம் செய்கிற காளிச்சாமிக்காக சாமியாத்தாள் செய்த ஏற்பாடு. அவரும் பத்து நிமிஷத்தைக் கழித்தேதான் பார்ப்பார். பிறகு எதற்கு அந்தப் பத்து நிமிஷம் என்று கேட்டால் பதில் கிடையாது. அவர்கள் சொந்தபந்தத்தில் முக்கால்வாசி வீடுகளில் இப்படித்தான்; தம்பி வீட்டில் மட்டும் ரேடியோவைக் கேட்டுச் சரியாக மணி வைப்பார்கள். கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கு அது மணி என்ன என்று கேட்டது. இவள் சுவரைப் பார்த்தாள், அடித்தாள். அவ்வளவுதான் நடந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாரே அந்த மனுஷர், இது மட்டும் அவருக்குத் தெரியாது.

அப்படியென்றால் அவர் படமெடுத்தது உண்மையில் ஏழு நாற்பத்திரண்டு. தம்பியின் படம் ஏழு நாற்பத்திரண்டுக்கும் ஐம்பத்திரண்டுக்கும் நடுவில் இருந்துவிட்டால்? சீட்டுப்படி தம்பி ஜெயிப்பான், நிஜத்தில் புருஷன் ஜெயித்திருப்பார். 'எங்க ஊட்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால ஓடுதுங்க' என்று அந்த நேரம் பார்த்து இவள் எழுந்து சொன்னால் எவன் நம்புவான்? புருஷன் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்றுதான் பேசுவார்கள். தம்பியே நம்பமாட்டான். சனிக்கிழமை பூராவும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜாக்கெட் வந்தது. இறுக்கமாக இருந்தது. அதைப் பிரித்துத் தைக்கச் சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் மாசாணம் கொடுத்தனுப்பிய ஃப்ளாப்பி பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து சேர்ந்தது. ஆறு படங்கள். மூன்றாவதில்தான் புது நட்சத்திரம், நாலாவதிலிருந்து மேகம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தான். சாமியாத்தாள் மாசாணியம்மனை வேண்டிக்கொண்டு, எஃப்-ஹெட், ஒரு இடம், நட்சத்திரக் குறி என்று ஒவ்வொன்றாக அடித்தாள்.

மூன்றாவது படம்: ஏழு ஐம்பத்தெட்டு.

"ஆத்தா!" என்று கத்தியே விட்டாள். ஆறு நிமிஷத்தில் புருஷன் ஜெயித்துவிட்டார்! கடிகாரக் கதையை எடுக்கவே வேண்டாம். தம்பி வருவான், சீர் வரும், பட்டம் வரும். கீழே ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, லோகப்பிரியாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, மேலே வந்து இரண்டு பேர் படங்களின் நேரத்தையும் ஒரே தாளில் பிரிண்ட் போட்டாள். பிரிண்டர் கிர்ர் கிர்ர் என்று ஒவ்வொரு வரியாகத் துப்பியது. கிழித்தெடுத்து, ரசித்து ரசித்துப் படித்தாள்.

தம்பியின் முதல் படம் ஏழு முப்பத்தேழு. இரண்டாவது ஏழு நாற்பத்தொன்று. மூன்றாவது ஏழு ஐம்பத்தெட்டு. நாலாவது ஏழு நாற்பத்தொன்பது. ஐந்தாவது ஏழு ஐம்பத்து மூன்று. ஆறாவது ஏழு ஐம்பத்தேழு.

மறுபடியும் படித்தாள். நாலு நிமிஷத்துக்கு ஒரு படமாக ஒழுங்காக எடுத்துக்கொண்டே போயிருக்கிறான். மூன்றாவது மட்டும் ஆறாவதுக்கும் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. கணக்குப் படித்தவளுக்கு இது புரியாதா? மூன்றாவது படம் எடுத்தது ஏழு நாற்பத்தைந்துக்கு. ஏழு ஐம்பத்தெட்டு என்று அவன் மாற்றி எழுதியிருக்கிறான்.

ஏழு நாற்பத்தைந்து என்றால் அவன் கணக்குக்கு அவன் ஜெயித்தவன். மச்சான் ஏழு ஐம்பத்திரண்டு என்று ஊரைக் கூட்டிச் சொன்னாரே, அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்திருப்பான். ஜெயித்தது தெரிந்திருக்கும். ஜெயித்தால் மச்சான் ஆனைமலைக்கு வரமாட்டார் என்பதும் தெரிந்திருக்கும். வாயைக் கொடுத்துவிட்டோமே என்று தவித்திருப்பான். முப்பது பேர் முன்னால் தோற்றுப்போய் நிற்கிறேன், அக்கா மகள் கல்யாணத்துக்குப் போனால் போதும் என்று தன் வெற்றியைத் தானே அழித்திருக்கிறான்.

சாமியாத்தாள் அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். தம்பிமேல் வந்த பாசத்துக்கு அளவே இல்லை. அத்தனை கெட்டிக்காரத்தனமாகச் செய்தவன் மற்ற ஐந்து நேரத்தையும் மாற்றாமல் விட்டானே, மண்டு, என்று நடுவில் சிரிப்பும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு உக்கடத்தில் பீர் முகம்மதுவின் கம்ப்யூட்டர் சென்டரில் சங்கம் கூடியது. காளிச்சாமி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மாசாணம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக நடந்து வந்து, பின்னால் சுவரோரம் நின்றுகொண்டான். அக்காவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. சாமியாத்தாள் பிரிண்ட் எடுத்த காகிதத்தை அப்படியே முழுசாகக் கொண்டு வந்திருந்தாள். தம்பியின் மூன்றாவது வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வரலாமா என்று கத்தரிக்கோல் வரைக்கும் போய்ப் பார்த்தாள், கை வரவில்லை.

"சீட்டுல இருக்கறதப் படிக்கறனுங்க. இவரு படம் ஏழு அம்பத்திரண்டு. தம்பி படம் ஏழு அம்பத்தெட்டு."

அவள் வாயை மூடுவதற்குள், "ஒத்துக்கறனுங்க மச்சான்! நீங்கதான் மொதல்ல" என்றான் மாசாணம். தோற்றவன் குரலில் அத்தனை சந்தோஷத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காளிச்சாமி எழுந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். கைதட்டினார்கள். "குடு அதை, கண்ணாடி போட்டு மாட்டோணும்" என்று மனைவி கையிலிருந்து காகிதத்தை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். முப்பது வருஷமாகப் பம்பு டெஸ்டிங் சீட்டுப் பார்த்த மனுஷர். வரிசையில் ஒரு எண் மட்டும் துள்ளி நின்றால், எந்த ஆள் மோட்டாரை ஓட்டிப் பார்க்காமல் உட்கார்ந்த இடத்தில் எழுதினான் என்று கண்டுபிடித்துவிடுவார். விரல் மாசாணத்தின் மூன்றாவது வரியில் நின்றது. நாலாவதுக்குப் போனது. மறுபடி மூன்றாவதுக்கு வந்தது.

"மாப்ளே, நாலாவது படத்த எடுத்துப்போட்டு மூணாவத எடுத்தியா?"

"அது வந்து... கம்ப்யூட்டர் கோளாறுங்க மச்சான்."

பீர் முகம்மது தொண்டையைச் செருமினார். "போன வாரம் மாசாணம் ஃபோன் பண்ணி, தலையில இருக்கற நேரத்த மாத்த முடியுமான்னு கேட்டாருங்க. வெறும் எழுத்துத்தானே, ரெண்டு எண்ண மாத்துனாப் போச்சுன்னு நானும் யோசிக்காமச் சொல்லிப்போட்டனுங்க."

மாசாணம் தரையைப் பார்த்தான்.

"நாப்பத்தஞ்சா?" என்றார் காளிச்சாமி.

"ஆமாங்க."

"அப்ப ஜெயிச்சவன் நீ."

சாமியாத்தாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். இருபத்தேழு வருஷத்தில் இன்னொருத்தனைப் பார்த்து 'நீதான் ஜெயிச்சே' என்று இந்த வாய் சொல்லி இப்போதுதான் கேட்கிறாள், அதைக் கெடுப்பானேன் என்றிருந்தது. ஆனால் அவள் பொய் பேசமாட்டாள் என்று நம்பித்தானே இரண்டு பேரும் உட்கார வைத்தார்கள்.

"இல்லீங்க" என்றாள். "நம்மூட்டுக் கம்ப்யூட்டர்லயும் பத்து நிமிஷம் முன்னால வெச்சிருக்கறனுங்க. சொவத்தப் பார்த்து அடிச்சுப்போட்டேன். நீங்க எடுத்தது ஏழு நாப்பத்திரண்டு. நீங்கதான் மூணு நிமிஷம் முன்னால. நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க இப்பவே எங்க ஊட்டுக்கு வந்து மணியப் பாருங்க."

முதலில் சிரித்தவன் மாசாணம்தான். "அட, ஏற்கெனவே தோத்தவன் மறுபடி தோக்கறதுக்கா நான் ராத்திரியெல்லாம் தூங்காம இத்தன பாடுபட்டேன்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சென்டரே சிரித்தது. பீர் முகம்மது மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

காளிச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பின்வரிசைக்கு நடந்தார். மாசாணத்தின் முன்னால் போய் நின்றார்.

"எங்கிட்ட ஜெயிக்கறதுக்குப் பொய் சொன்னவன் எத்தனையோ பேரு மாப்ளே. தோக்கறதுக்குப் பொய் சொன்னவன் நீ ஒருத்தன்தான்." கண்ணாடியைக் கழற்றினார். "தென்ன மரம் அது இதுன்னு அன்னைக்குப் பேசிப்போட்டேன். பேசியிருக்கக் கூடாது."

"அய்யோ, விடுங்க மச்சான்! நானே சீரோட வாரனுங்க. நீங்கதான் ஜெயிச்சுட்டீங்கல்ல?"

"ஜெயிச்சதப் பத்தி இப்ப யாரு பேசுனா? ஆனைமலைக்கு வாரேன். உன்ற ஊட்டுல, உன்ற சம்சாரம் முன்னால, வெத்தல பாக்கு வெச்சு முறையா அழைக்கோணும்." திரும்பினார். "சாமியாத்தா, கெளம்பு. மார்க்கெட்டுல வெத்தல பாக்கு, பழம், பூவு எல்லாம் வாங்கிக்கலாம்."

"இப்பவேங்களா? ஊட்டுல லோகப்பிரியா அம்மணி தனியா இருக்கறாளே? சமையல்காரரு வேற வரேன்னிருக்கறாரு..."

"அவ பார்த்துக்குவா. நாளைக்குன்னா நான் மனசு மாறிப்போயிருவேன், எனக்கே என்னைத் தெரியும்."

பொள்ளாச்சி பஸ்ஸில் மூன்று பேர் உட்காருகிற சீட்டில் ஜன்னலோரம் மாசாணம், நடுவில் காளிச்சாமி, இந்தப் பக்கம் மடியில் தாம்பாளப் பையோடு சாமியாத்தாள். சுந்தராபுரம் தாண்டுவதற்குள்ளேயே மச்சானும் மச்சினனும், மேகம் வந்தபோது தொலைநோக்கியை எந்தப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும் என்று கத்திக் கத்திச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சாமியாத்தாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சத்தமாவே பேசிக்குங்க, யாரு கேட்டா என்ன" என்றாள்.